பொட்டுக்கு அடியில் இருந்த எண்

பதினொன்று பத்துக்கு அந்தச் சத்தம் வந்தபோது நான் கேன்டீன் வாசலில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கதை பாதியில் நின்றது. உள்ளே தோல் பதனிடும் டிரம்மும் நின்றது. கதை நின்றதற்கு ஒருவரும் வருத்தப்படவில்லை.

முதலில் ஒரு 'டொக்'. அப்புறம் தகர டப்பாவில் ஜல்லி போட்டுக் குலுக்கியதுபோல் கொஞ்ச நேரம். அப்புறம் நீளமாக ஒரு கிறீச். அதற்கப்புறம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக ஆம்பூர்ப் பக்கத்து டேனரிகளில் ஃபிட்டராக இருக்கிறேன். சத்தம் போடுகிற மெஷினுக்கு நான் பயந்ததில்லை. சத்தம் போட்டுக்கொண்டிருந்து சட்டென்று வாயை மூடிக்கொள்கிற மெஷினுக்குத்தான் பயம்.

"கோடி! உன் டிரம்மு படுத்துக்கிச்சிடா!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. டிரம் ஆபரேட்டர் கோவிந்தசாமி. என் பெயர் தனகோடி. முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட எங்கள் டேனரியில் யாருக்கும் நேரம் கிடையாது. ஓடுகிறவரை டிரம் கோவிந்தசாமியுடையது. நின்றுவிட்டால் என்னுடையது.

இந்தத் தடவை அது நிஜமாகவே என்னுடையதுதான். அன்று காலை ஏழே முக்காலுக்கு அதன் கியர் பாக்ஸில் புது கியர் மாட்டி மூடியவன் நான். எட்டு மணிக்கு ஓட்டினார்கள். மூன்று மணி பத்து நிமிஷம் ஓடியிருக்கிறது.

மூடியைத் திறந்தேன். பெரிய சக்கரத்தில் மூன்று பல் இல்லை. சின்னதில் பாதிப் பல் பெயர்ந்திருந்தது. உடைந்த துண்டுகள் பாயசத்தில் முந்திரி மாதிரி எண்ணெயில் மின்னின.

"எவ்ளோ நேரம் ஆவும்ணா?"

நிமிர்ந்து பார்த்தேன். ஹெலன். பக்கத்து லேபிலிருந்து ஓடி வந்திருந்தாள், கையுறையைக்கூடக் கழற்றாமல்.

"அரை மணி மேடம். அரை மணில ஓடும்."

மற்றவர்கள் வணக்கம் சொல்வதுபோல நான் அரை மணி சொல்வேன். பழக்கம். பல் உடைந்த கியரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

ஹெலனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தோல் படிப்பு படித்த பெண். வயதில் என் கடைசித் தங்கையைவிடச் சின்னவள், வேலையில் எனக்கு மேலே. அவள் அப்பா இதே டேனரியில் டிரம்மில் வேலை செய்தவர். பதனிடும் குரோம் மருந்து பட்டு விரல் இடுக்கெல்லாம் புண். சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிடுவார், அதற்காக நாங்கள் அவரைத் 'துரை' என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வோம். அதில் நானும் உண்டு. முதலில் ஆரம்பித்தவனே நான்தானோ என்று இப்போது ஒரு சந்தேகம்.

அந்தக் குரோம் இல்லாமல் ஆட்டுத் தோலைப் பதனிட ஒரு முறையை ஹெலன் இரண்டு வருஷமாக லேபில் செய்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி இரண்டு தடவை முடியாது என்றார். மூன்றாவது தடவை அறுபது தோலும், சின்ன சாம்பிள் டிரம்மும் கொடுத்தார். "சனிக்கெழம தோல் வாங்கற பையர் வர்றாரு. காட்டற மாதிரி வந்தா பாக்கலாம். வரலேன்னா இந்தப் பேச்சே வேணாம்மா, பழைய முறையே போதும்" என்றார். நல்ல மனுஷன், ஆனால் சொன்னால் சொன்னதுதான். அன்று புதன்கிழமை. காலை எட்டிலிருந்து மாலை ஏழு வரை டிரம் நிற்காமல் சுற்ற வேண்டும். பதனிடும் மருந்தை ஹெலன் ஊற்றியது பதினொரு மணிக்கு. நான் உடைத்தது பதினொன்று பத்துக்கு.

"வேற டிரம்முல மாத்திப் போட்டா?" என்று கேட்டார் கோவிந்தசாமி.

"எல்லாத்துலயும் குரோம் ஊறியிருக்குண்ணா. கொஞ்சம் ஒட்னாகூட பையர் டெஸ்ட்ல காட்டிடும்," என்றாள் ஹெலன். "இது ஒன்னுதான் சுத்தமா இருக்குது."

அந்தச் சுத்தமான ஒன்றைத்தான் நான் இந்த லட்சணத்தில் கவனித்திருந்தேன்.

இப்போது கியர். பெவல் கியரில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நேராக வரும் சுழற்சியை மூலையில் திருப்பிவிடுவது அதன் வேலை. நுனி வெட்டிய கூம்பின் மேல் பல் வெட்டியதுபோல் இருக்கும். எங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே பல ரகம் உண்டு. கழிவுத் தண்ணீர் மதகை ஏற்றி இறக்கும் கைச்சக்கரத்தில் இருப்பது நேர்ப்பல். மெதுவாகச் சுற்றுவதால் அது எவ்வளவு கரகரத்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. தோல் காயப்போடும் சங்கிலி மூலையில் திரும்புகிற இடத்தில் மைட்டர் கியர், இரண்டும் ஒரே அளவு, ஒரே பல் கணக்கு. வேகத்தைக் கூட்டாது, குறைக்காது, வந்ததை அப்படியே பக்கவாட்டில் தள்ளிவிடும். எங்கள் மேனேஜரும் அதே ரகம். வெளியே நிற்கிற லாரியின் பின் ஆக்ஸிலில் ஹைப்பாய்டு. அதில் சின்ன சக்கரம் நடு மையத்துக்குக் கொஞ்சம் கீழே உட்கார்ந்திருக்கும், அதற்கென்று தனி எண்ணெய் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் தேய்ந்து போகும்.

சாம்பிள் டிரம்மில் இருப்பது ஸ்பைரல். பல் வளைந்திருக்கும். ஒவ்வொரு பல்லும் மெல்லச் சறுக்கி உட்காருவதால் சத்தம் கம்மி, பாரம் ஜாஸ்தி தாங்கும். பெரியதைக் கிரவுன் என்போம், சின்னதைப் பினியன் என்போம். இரண்டையும் செய்கிற இடத்திலேயே ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கி, ஜோடி என்பதற்கு அடையாளமாக இரண்டின் மேலும் ஒரே எண்ணைப் பொறித்து அனுப்புவார்கள். வேறு ஜோடியின் பினியன் பார்க்க அச்சு அசலாக இருக்கும், பல் கணக்கு சரியாக இருக்கும், மாட்டினால் உட்காரும். பாரம் ஏறும்போதுதான் பல்லின் ஓரத்தில் மட்டும் இடிக்கும்.

அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. பல்லில் நீலச் சாயம் தடவி, கையால் நாலு சுற்று சுற்றி, எதிர்ப் பல்லில் நீலம் எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். நடுவில் ஒட்டினால் சரி. அரை மணி வேலை, நிஜமான அரை மணி. அன்று காலை நான் அதைச் செய்யவில்லை. எட்டு மணிக்கு ஓட்ட வேண்டும், பினியன் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது, எனக்கு டீ நேரம். மூடியை முறுக்கிக்கொண்டிருந்தபோது ஹெலன் வந்து, "அண்ணா, நீலம் தடவிப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். போன தடவை நான் செய்ததைப் பார்த்தவள்.

"இது ஜாதகம் பாக்காமலே ஒட்டிக்கிச்சு மேடம். லவ் மேரேஜ்," என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். கோவிந்தசாமி சுவிட்சைப் போட்டார்.

உடைந்த பினியனைத் துடைத்துத் திருப்பியபோது, அதன் முகத்தில் காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமும் இருந்தன. போன ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு. ஸ்டோரில் இருந்த இரண்டு ஸ்பேர் ஜோடியையும் பெட்டியிலிருந்து எடுத்து, மண்ணெண்ணெயில் கழுவி, வாழை இலையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தேன். முதலாளி ஹாஜியார், பூஜைக்கு இரண்டு மூட்டை பொரி அனுப்பியிருந்தார். பொரியைத் தின்றுகொண்டே எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினேன். அன்று காலை மாட்டும்போது கிரீஸைத் துடைத்தேன். பொட்டை மட்டும் விட்டுவிட்டேன். சாமிக்கு வைத்ததை அழிக்க மனசு வரவில்லை.

நகத்தால் சுரண்டினேன். பொட்டுக்கு அடியில் 38.

கிரவுனைத் துடைத்தேன். 31.

ஸ்டோருக்கு ஓடி இன்னொரு பெட்டியைத் திறந்தேன். உள்ளே கிரவுன் 38, பினியன் 31. இரண்டும் பளபளவென்று, ஒரு கீறல் இல்லாமல், பொட்டும் பூவுமாக உட்கார்ந்திருந்தன. ஆனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. ஒரே காலையில் இரண்டு ஜோடியையும் கெடுத்திருந்தேன்.

ராணிப்பேட்டையில் கியர் வெட்டும் பட்டறைக்கு போன் போட்டேன். "பண்ணிரலாம் சார்," என்றார்கள். எப்போது என்றேன். "பண்ணிரலாம் சார், பேஜார் ஆவாதீங்க." இன்றைக்கா, நாளைக்கா என்றேன். "கிரவுன எடுத்தாங்க, பாத்துட்டு சொல்றோம்." பத்து நாள் ஆகும் என்பதற்கு அதுதான் அர்த்தம்.

அப்போதுதான் பழைய ஜோடி ஞாபகம் வந்தது. காலையில் கழற்றியது. தேய்ந்திருந்தது, சத்தம் போட்டது, அவ்வளவுதான். ஒரு நாள் தாராளமாக ஓடும். அதை எட்டரை மணிக்குப் பழைய இரும்பு எடுக்க வந்த ஒவைஸ் பாயின் டெம்போவில் நானே என் கையால் தூக்கிப் போட்டிருந்தேன். "நல்லபடியா வாழ்ந்த ஜோடி பாய், பிரிச்சுடாத," என்று ஒரு வசனம் வேறு.

டேனரி பைக்கை எடுத்தேன். கிளம்பும்போது ஹெலன் கேட் வரைக்கும் வந்தாள். "நாங்க கையாலயாச்சும் சுத்தவாண்ணா?"

"வேணாம் மேடம், கியர் பாக்ஸ கழட்டி வெச்சா மறுபடி மாட்ட நேரமாவும். அரை மணி. இதோ வந்துட்டேன்."

ஒவைஸ் என் தோஸ்த். பைபாஸ் ஓரத்தில் கடை. விஷயத்தைக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. "ஹெலன் பொண்ணு வேலையா? அட்டா. உட்காரு தோஸ்த். இருக்கும், பாக்கலாம்." ஆளை விட்டுக் குவியலைக் கிளறச் சொன்னார். எனக்கு சாத்துக்குடி ஜூஸ் வந்தது. பிரேக் டிரம்மும், தையல் மெஷின் காலும், ஒரு முழு ஜன்னல் கம்பியும் வெளியே வந்தன. "அந்தப் பக்கம் பாருங்கடா," என்றார். அந்தப் பக்கமும் பார்த்தார்கள். நானும் இறங்கிப் பார்த்தேன். முழங்கை வரை துரு.

"பாய், இருக்குதா இல்லியா?"

"இருக்கணுமே தோஸ்த். போன் பண்ணிப் பாக்கறேன் இரு."

யாருக்கோ பேசினார். மறுபடி பேசினார். முதுகைத் திருப்பிக்கொண்டு மூன்றாவது தடவை பேசினார். ஒரு மணி நேரம் கழித்து, அங்கே டீ வாங்கி வந்த ஆள்தான் உளறினான். காலை லோடு பத்து மணிக்கே லாரியில் ஏறிவிட்டது. லாரி அப்போதே நாட்றம்பள்ளியைத் தாண்டிக் கிருஷ்ணகிரி ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் போனை எடுக்கவில்லை.

"மொதல்லயே சொல்லக் கூடாதா பாய்?"

"எப்டி தோஸ்த் சொல்றது? உன் மூஞ்சப் பாத்துட்டு எப்டி சொல்றது?"

அவரைத் திட்ட எனக்கு யோக்கியதை இருந்ததா என்று பைக்கில் வரும்போது யோசித்துப் பார்த்தேன்.

ஒன்றே காலுக்குத் திரும்பினேன். ஹெலன் டிரம்முக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மரப் பலகையில் காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே என்ன கேட்கும்? அறுபது தோலும் அடியில் குவிந்து, மடிந்த இடம் மடிந்தபடியே மருந்தில் கிடந்தன. மேலே இருப்பது குடித்துக்கொண்டே இருக்கும். மடிப்புக்குள் ஒரு சொட்டு போகாது.

"இன்னா கோடி, உன் அரை மணி ஆச்சா?" என்றார் கோவிந்தசாமி.

மிச்சமிருந்த அந்த இரண்டு அந்நியர்களையும் எடுத்து மேஜையில் வைத்து, காலையில் செய்ய வேண்டிய வேலையை அப்போது செய்தேன். நீலம் தடவினேன். சுற்றினேன். எதிர்ப் பல்லின் ஓரத்தில், நகக்கண் அளவுக்கு நீலம் ஒட்டியிருந்தது. நடுவில் வெறும் இரும்பு. பினியனுக்குப் பின்னால் மெல்லிய தகடு வைத்துத் தள்ளிப் பார்த்தேன். நீலம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போனது, நடுவுக்கு வரவே இல்லை.

"ஓடாது," என்றேன். அன்று நான் சொன்ன முதல் நிஜம் அது.

"ஓடாதா?" கோவிந்தசாமி என்னைப் பார்த்தார். "இத பதினொன்னேகாலுக்கே சொல்லியிருந்தா கையாலயே சுத்திக்கினு இருந்திருப்பமேடா." சொன்ன உடனே அவருக்கே சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது. "சரி விட்றா. இரும்புதானே. வா, கழட்டு."

கியர் பாக்ஸைக் கழற்றிப் பிரித்து வைத்தேன். ஒன்றரை மணியிலிருந்து டிரம்மைக் கையால் சுற்றினோம். ஆள் உயர டிரம், உள்ளே தண்ணீரோடு தோல். ஆறு பேர் ஒரு பக்கம் நின்று வெளிக்கட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தால் அரைச் சுற்று. மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு அரை. மோட்டார் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு சுற்று சுற்றியது, நாங்கள் மூன்று. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கும் லைம் யார்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கேன்டீனிலிருந்து சம்பூர்ணம் அக்காகூட வந்து முந்தானையைச் செருகிக்கொண்டு இழுத்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. நான்கு மணிக்கு என் உள்ளங்கைத் தோல் உரிந்தது. "பதனிட இன்னொன்னு கெடச்சிருக்கு, அறுபத்தொன்னு," என்று ஒரு ஜோக் அடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஹெலன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இடையில் மேனேஜர் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு, 31, 38, நீலம், எல்லாம். "என் தப்பு சார்," என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். "மெஷின்னா ஒடையத்தான் செய்யும் தனகோடி. வோல்டேஜ் ஏறி எறங்குது பாரு, அதான்." ரிப்போர்ட்டிலும் அதையே எழுதினார். வந்ததை அப்படியே பக்கவாட்டில் திருப்பிவிட்டார்.

கோவிந்தசாமியிடம் சொன்னேன். "பூஜை பண்ண பொருளு உன்னக் காட்டிக் குடுக்குமா? அது கியர் பண்ணவன் தப்புடா."

ஒவைஸ் சாயங்காலம் போன் செய்தார். "நசீப் தோஸ்த், எல்லாம் எழுதி வெச்சது. மனச போட்டுக் கொழப்பிக்காத."

குடியாத்தம் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் மனைவி அமிர்தவள்ளியிடம் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை, "உனுக்கு எப்பவும் வெளயாட்டுதான், கைய காட்டு," என்று மஞ்சள் எடுக்கப் போய்விட்டாள்.

இருபத்திரண்டு வருஷமாக எதைக் கேட்டாலும் சிரிப்புக் காட்டி வந்தவன், திடீரென்று ஒரு நாள் நிஜமாகக் கேட்டால் யார் நம்புவார்கள்? நான் அழுதால்கூட அதில் ஏதோ நக்கல் இருக்கிறது என்று தேடுவார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டேன். ஹெலன் எனக்கு முன்னால் வந்து டிரம்மைத் திறந்திருந்தாள். தோல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டையில் போட்டு விரித்துக்கொண்டிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருந்தன, வெளிர் மஞ்சளில், மெத்தென்று. எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. கிட்டே போனேன். வயிற்றுப் பக்கத்தில் வெள்ளையாகக் கோடுகள், மடிந்து கிடந்த இடங்கள். இஸ்திரி போட்டு மடித்த வேட்டியைப் பிரித்ததுபோல, அத்தனை நேராக.

அவள் ஒவ்வொரு தோலிலும் ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி, கொதிக்கவைத்த தண்ணீரில் போட்டுப் பார்த்தாள். மருந்து ஏறியிருந்தால் கீற்று அப்படியே கிடக்கும். ஏறவில்லையென்றால் வெந்து சுருண்டுவிடும். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒன்று கிடந்தது. அடுத்தது புழு மாதிரி சுருண்டது. அதற்கடுத்ததும். கிடந்ததை இந்தப் பக்கமும் சுருண்டதை அந்தப் பக்கமும் போடச் சொன்னாள். போட்டேன். அந்தப் பக்கம் உயர்ந்துகொண்டே போனது.

முடிந்ததும் கையுறையைக் கழற்றிவிட்டு, குழாயில் கையைக் கழுவினாள். கோவிந்தசாமி வெளியே போனார்.

என் நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. என்ன ஜோக் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. விழுங்கிவிட்டேன்.

"ஹெலன்," என்றேன். மேடம் என்று சொல்ல வரவில்லை. "எல்லாரையும் கேட்டுட்டேன்மா. வோல்டேஜ்ன்றாங்க, நசீப்ன்றாங்க. நீ சொல்லு. என்னாலதானா?"

அவள் ஈரக் கையைத் துடைக்காமல் என்னைப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது, லேபில் அளவு சொல்வதுபோல.

"நாப்பத்தொன்னு போச்சுண்ணா. மீதிய வெச்சு ஒன்னும் காட்ட முடியாது. நீலம் தடவிப் பாத்தீங்களான்னு கேட்டேன், ஜோக் சொன்னீங்க, நானும் சிரிச்சுட்டேன். கையால சுத்தவான்னு கேட்டேன், அரை மணின்னீங்க, நானும் நம்பி உக்காந்துட்டேன்." கையை உதறினாள். "ஆமாண்ணா. உங்களாலதான்."